நாலு கிலோ நண்டும் மூளையின் கணக்கும்

மண்டபத்தில் நண்டு வலை எடுத்துவிட்டுக் கரையேறிய மாமாவிடம் "பாடு எப்படி?" என்றேன். "பத்து கிலோ வரும்னு நெனச்சேன் மாப்ளே, நாலுதான்" என்றார். செயற்கை நுண்ணறிவின் ஒரு முக்கியப் பாடம் இந்தப் பதிலில் இருக்கிறது. கற்றுக்கொடுப்பது, குறைந்துபோன அந்த ஆறு கிலோ.

ஆறில் கால் பங்கை, அதாவது ஒன்றரையை, பழைய நினைப்பிலிருந்து கழியுங்கள். நாளைய எதிர்பார்ப்பு எட்டரை. நாளையும் நாலுதான் என்றால் அது ஏழரைக்கும் கீழே இறங்கும் (சனியை நினைக்க வேண்டாம்). நினைத்ததே வந்துவிட்டால் கற்க ஒன்றுமில்லை. விலங்குகள் பழகுவதை விளக்க ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற உளவியலாளர்கள் 1972-இல் தந்த சூத்திரம் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் மாமா எடை போடும்வரை காத்திருப்பதில்லை. மிதவையைப் பிடித்து முதல் நாலு பாகம் (ஒரு பாகம், இரு கை விரித்த நீளம்) வலையை இழுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும்; எதிர்பார்ப்பு அங்கேயே இறங்கிவிடும். இப்படி ஒரு கணிப்பை அடுத்த கணிப்பால் திருத்தும் முறையைக் கணினிக்கு வகுத்தவர்கள், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பார்ட்டோவும் அவர் மாணவர் ரிச்சர்ட் சட்டனும். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, 2024-க்கானது, இருவருக்கும் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், மூளையும் இதே கணக்கைப் போடுகிறது. நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களை ஒட்டுக்கேட்டார். எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் அவை படபடத்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியதும், படபடப்பு விளக்குக்கு மாறியது, சாற்றுக்கு அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் துடிப்பு அடங்கியது. இது சட்டன், பார்ட்டோ கணக்கோடு பொருந்துவதை 1997-இல் பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து எழுதினார். டோபமினை வெறும் 'இன்ப ரசாயனம்' என்று வாட்ஸ்அப்பில் சொல்பவர்கள், அந்த அடங்கலை மறந்துவிடுகிறார்கள்.

சரி, கால் பங்கு என்று எடுத்தோமே, அங்கேதான் சிக்கல். அதைப் பெரிதாக வைத்தால், ஒரு நாள் பாடு குறைந்ததற்கே இயந்திரம் பதறி இடம் மாற்றும். சிறிதாக வைத்தால், மாமா வலை விடும் தென்கடல் கொந்தளித்த பிறகும் போன மாதக் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அந்த அளவை ஆராய்ச்சியாளர்தான் வைத்துக்கொடுக்கிறார்.

"நாளைக்கு எங்க மாமா?"

"ஒரு நாளை வச்சு என்ன சொல்ல? அதே எடந்தான்."

"கச்சான் காத்து கெளம்பி, தென்கடல் கொந்தளிச்சா?"

"அப்ப பழைய கணக்கே கெடையாது. வடகடலுக்குப் போயிருவோம்ல."