33 வயதில் ஒரு கிழவர்

சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்துவிடுவேன். வியாசர்பாடியில் அப்படிப் பார்த்த ஒரு கணுக்காலில் ஏழு மாதமாக ஆறாத புண். சர்க்கரை இருந்தால் புண் ஆறாது, சரி. ஆனால் சீட்டில் வயது 33. ஆளைப் பார்த்தால் 60. தலை முழுக்க நரை, கீச்சுக் குரல், இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது.

"என் தம்பி சார். எல்லாரும் அப்பாவான்னு கேக்குறாங்க" என்றார் கூட வந்த அக்கா. பள்ளிப் பிரேயரில் கடைசிவரை வரிசையில் முதல் ஆளாம், உயரமே கூடவில்லை. எக்ஸ்ரேயில் குதிகால் தசைநாரில் சுண்ணாம்பு படிந்திருந்தது. கண்ணுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், புண்ணுக்கு ஒருவர் என்று காட்டியிருக்கிறார்கள். யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மரபணுப் பரிசோதனையில் வெர்னர் நோய் என்று உறுதியானது.

இளம் வயதிலேயே முதுமை வந்துவிடும் இந்த நோய், ஓட்டோ வெர்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1904-ல் தன் ஆய்வேட்டில் விவரித்தது. டிஎன்ஏவின் முறுக்கைப் பிரித்துப் பழுது பார்க்க உதவும் ஒரு புரதம் இவர்களுக்கு இல்லை. காரணமான மரபணு 1996-ல் பிடிபட்டது. மாரடைப்பும் புற்றுநோயும் சீக்கிரமே வரும். ஆனால் மறதி நோய் பொதுவாக வருவதில்லை.

குழந்தைப் பருவத்திலேயே முதுமை வரும் புரோஜீரியா நோய் வேறு ரகம். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம் என்று 2003-ல் தெரிந்தது. அந்தப் பிழையால் உருவாகும் புரோஜெரின் என்ற புரதம் ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களையே அழிக்கிறது. கொலஸ்ட்ரால் பெரும்பாலும் சரியாகவே இருந்தும், பதின்வயதில் மாரடைப்பு. அறிவு மட்டும் படு கூர்மை, புரையும் கிடையாது. இதே புரோஜெரின் நம் சாதாரணச் செல்களிலும் சிறிதளவு உண்டு. அதனால்தான் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டி "இதயம் ஓகேதானே டாக்டர்?" என்பவர்களுக்கு நான் தலையாட்டுவதில்லை. புற்றுநோய்க்காக உருவான லோனாஃபார்னிப் மருந்தை 2020-ல் அமெரிக்கா இந்தக் குழந்தைகளுக்கு அனுமதித்தது. கிடைத்த கூடுதல் ஆயுள் சராசரியாக இரண்டரை ஆண்டு. முதுமையை விரட்டும் கேப்சூல் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, "வயசானா எல்லாம்தான் வரும்" என்பது தப்பு. குழாய் ஒரு வழியில் கெடுகிறது, கண் இன்னொரு வழியில், மூளை வேறொரு வழியில். ஒவ்வொன்றையும் தனியாகத்தான் தேட வேண்டும்.

வெர்னர் நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வர வேண்டும். இவருடைய அம்மாவைக் கட்டியது சொந்தத் தாய்மாமன். அக்காவோ தன் மகளைக் கடைசித் தம்பிக்குப் பேசிவைத்திருக்கிறார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் நான்கு வட்டம் போட்டு விளக்கினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சீட்டை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு, "அந்த டெஸ்ட் பொண்ணுக்கும் எடுக்கலாமா சார்?" என்று கேட்டார்.