டெஸ்டோஸ்டிரோன் யார் பேச்சைக் கேட்கிறது?

ஜிம்மில் உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களிடம் பெரும்பாலும் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. தோள் விரிய விரிய, விரைகள் சுருங்கும். விந்துப் பரிசோதனை செய்தால் ஒரு விந்தணுகூட இல்லாமல் போகலாம். ஆண்மைக்கான ஹார்மோனையே ஏற்றிக்கொண்டவன் தகப்பனாக முடியாமல் போவது எப்படி?

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோனைக் கொஞ்சமாக வெளிவிடும். அதைக் கண்டதும் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்பும். எல்.எச். போய் விரையிலுள்ள லேடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணுக்களை வளர்த்தெடுக்கும் செல்களுக்குப் போகும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு வந்துவிட்டால் மூளை இரண்டையும் குறைத்துக்கொள்ளும். மொட்டை மாடித் தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும் மோட்டார் மாதிரி. ஊசி என்பது அந்தத் தொட்டியில் லாரித் தண்ணீரைக் கொட்டுவது. தொட்டி ததும்பும், மோட்டார் ஓடாது. ஆனால் விந்தணு விளைய வேண்டுமென்றால், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை விரைதான் சுரக்க முடியும். எந்த ஊசியும் அங்கே அந்த அளவைக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாக்கலாமா என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 1990-ல் வெளியான அந்த ஆய்வில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆரோக்கியமான ஆண்கள் வாரத்துக்கு 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பிவிடும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும்; சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். அளவு தெரியாமல் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டவர்களுக்கு இன்னும் கடினம்.

ஆண் உடம்பு கல் என்று சொல்லி வளர்க்கிறோம். உண்மையில் அந்த உடம்பின் தலையாய ஹார்மோன், வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றி நடப்பதைக் கேட்டுக் கேட்டு ஏறி இறங்குகிறது.

கருவில் இருக்கும்போதே அது சுரக்கத் தொடங்கிவிடும். பிறந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி ஒருமுறை உயர்ந்து, ஆறு மாதத்துக்குள் அடங்கும். பிறக்கும்போது இறங்காதிருந்த விரை இந்த மாதங்களில் தானாக இறங்கிவிடுவதுண்டு. ஆறு மாதம் தாண்டியும் பைக்குள் வராவிட்டால் குழந்தையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பிறகு நீண்ட மௌனம். ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் ஹார்மோன் மீண்டும் விழிக்கிறது, அதுவும் முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும். முதல் அடையாளம் மீசை என்று நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே விரைகள் பெரிதாகத் தொடங்கியிருக்கும். மகரக்கட்டு உடைவது அதற்குப் பிறகு. இந்த வயதில் பல பையன்களுக்கு மார்க்காம்புக்கு அடியில் காசு அளவில் ஒரு கட்டி தோன்றும், தொட்டால் வலிக்கும். பெண்மைக்கான ஹார்மோன் என்று பெயர் வாங்கிய ஈஸ்ட்ரோஜன், ஆண் உடம்பிலும் உண்டு; அதன் விகிதம் சில காலம் கூடுவதால் வருவது அது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாக மறைந்துவிடும். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் ஊரைக் கூட்டிச் சடங்கு வைக்கிற வீட்டில், பையனிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லை. அவன் யாரிடமும் காட்டாமல், சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு, கிணற்றுக் குளியலையே விட்டுவிடுகிறான். அப்பாவோ மாமாவோ அவனிடம் பேச வேண்டிய வயது இதுதான்.

இளைஞனானபின் தூக்கம் இன்னும் முக்கியம். 2011-ல் சிகாகோவில் பத்து இளைஞர்களை எட்டு இரவுகள் தலா ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. இரவு ஷிஃப்டிலும் செல்போனிலும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, சோர்வுக்குப் பவுடரும் மாத்திரையும் தேடுகிறோம்.

எனக்கு மிகப் பிடித்தது பிலிப்பைன்ஸின் செபு நகர ஆய்வு. 624 இளைஞர்களை 2005-லும் 2009-லும் அளந்தார்கள். தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தவர்களே இடைப்பட்ட காலத்தில் துணை தேடித் தகப்பனாகும் வாய்ப்பு அதிகம் பெற்றிருந்தார்கள். தகப்பனானபின் அவர்களுடைய காலை அளவு 26 சதவீதமும் மாலை அளவு 34 சதவீதமும் குறைந்திருந்தது. தினம் மூன்று மணி நேரமாவது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட தகப்பன்களுக்கு அளவு இன்னும் குறைவு. பிள்ளை தூக்குவது ஆம்பளைக்கு அழகில்லை என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லலாம்: ஆண் உடம்பே தகப்பனாவதற்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

நாற்பதுக்கு மேல் அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் மெல்லச் சரியும். தொப்பை அதை இன்னும் இறக்கும். கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும், எடை குறைந்தால் அளவு ஏறும். ஆனாலும் 40 முதல் 79 வயதுள்ள ஐரோப்பிய ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், அறிகுறிகளும் குறைந்த அளவும் சேர்ந்த உண்மையான குறைபாடு 2.1 சதவீதத்தினருக்கே இருந்தது. சோர்வும் எரிச்சலும் இருந்தால் சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையையும் சேர்த்துப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோனைப் பரிசோதிப்பதாக இருந்தால் காலை வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், ஊசிக்குச் சம்மதிக்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.