திரும்பி வந்த மடல் யாருடையது?

மடற்குழு (ஒருவர் எழுதும் மின்மடல் எல்லா உறுப்பினருக்கும் போகும் குழு) நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "திரும்பி வரும் மடல்களில் இருக்கிற முகவரியைத் தேடினால், உறுப்பினர் பட்டியலில் அப்படி ஒருவரே இல்லை. யாரை நீக்குவது?"

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். நாம் பார்க்கும் 'அனுப்புநர்' வரி மடலின் உள்ளே இருப்பது. சர்வர்கள் தமக்குள் பேசும்போது தனியாக இன்னொரு அனுப்புநர் முகவரியைச் சொல்லிக்கொள்கின்றன. தபால் உறையின் வெளியே எழுதுவது போன்றது அது. மடல் போய்ச் சேராவிட்டால் இந்த உறை முகவரிக்கே திரும்பும். மறுக்கும் சர்வர் 4-இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் தற்காலிகச் சிக்கல், 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. திரும்பும் மடலின் உறையில் அனுப்புநர் இடம் காலியாக இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு சர்வர்களும் முடிவில்லாமல் பந்தாடிக்கொண்டிருக்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். வளவன் என்றொரு உறுப்பினர் தன் பழைய முகவரியில் குழுவில் சேர்ந்திருக்கிறார். அங்கே வருவதெல்லாம் புதிய முகவரிக்குப் போகும்படி வைத்திருக்கிறார். புதியது மூடப்பட்டால், திரும்பும் மடல் அந்தப் புதிய முகவரியைத்தான் சொல்லும். குழுவுக்கோ பழையது மட்டுமே தெரியும். போதாக்குறைக்கு, திரும்பும் மடல்களுக்கென 1996-இல் ஒரு பொதுப் படிவம் வகுக்கப்பட்ட பிறகும், தம் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பும் சர்வர்கள் உண்டு.

கணிதவியலர் டேனியல் பெர்ன்ஸ்டீன் 1997-இல் எழுதிவைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாருக்கும் ஒரே உறை முகவரி எதற்கு? ஆளுக்கொன்று வைத்துவிடலாமே! வளவன்@முதல்.காம் என்பவருக்குப் போகும் பிரதியின் உறையில் திரும்பல்+வளவன்=முதல்.காம்@குழு.காம் என்று இருக்கும். ஒரு முகவரிக்குள் இரண்டு @ வரக்கூடாது, அதனால் சமக்குறி. மடல் எத்தனை சர்வர்கள் மாறிப் போய் எங்கே மாட்டிக்கொண்டாலும் சரி, திரும்பி வரும் முகவரியிலேயே வளவனின் பெயர் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே வேண்டாம்! எந்த சர்வரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. இந்த மாதிரி வேலைக்கு ஆராய்ச்சி நிதி கேட்டுப் பாருங்கள், "இதில் புதுமை எங்கே?" என்பார்கள். எனக்கு அதில் தீராத எரிச்சல்.

இதற்கும் விலை உண்டு. ஒரே சர்வரில் நூறு உறுப்பினர்கள் இருந்தால், ஒரு பிரதியைக் கொடுத்து நூறு பெயர்களைச் சொல்வது போய், நூறு பிரதிகள் அனுப்ப வேண்டும். அதனால் மடற்குழுக்களை நடத்தும் மெயில்மேன் போன்ற நிரல்களில் இந்த வசதி இயல்பாக அணைந்திருக்கும். பத்து மடலுக்கு ஒருமுறை என்றுகூட அமைக்கலாம். உங்கள் சிக்கலுக்கு அதுவே போதும்.

ஒரு மடல் திரும்பியதுமே ஆளை நீக்கிவிடாதீர்கள். மடல் திரும்பினால் மெயில்மேன் அந்த உறுப்பினர் கணக்கில் புள்ளி ஏற்றும், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் ஏற்றாது. இயல்பான அமைப்பில் 5 புள்ளி சேர்ந்தால்தான் அனுப்புவதை நிறுத்தும், ஒரு வாரம் எதுவும் திரும்பாவிட்டால் பழைய கணக்கை மறந்துவிடும். இத்தனை நிதானமும் 2014 ஏப்ரலில் தடுமாறியது. தன் முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லி வேறு சர்வர் வழியே வரும் மடலை மறுக்குமாறு யாஹூ அறிவித்தது. யாஹூ பயனர் குழுவுக்கு எழுதினால், குழுவின் சர்வர் வழியே போகும் அந்த மடலை மறுத்தவை பிற உறுப்பினர்களின் சர்வர்கள். புள்ளி ஏறியதோ எதுவும் எழுதாத அந்த உறுப்பினர்களுக்கு. இன்று பல குழுக்களில் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் 'குழு வழியாக' என்று வருவதும், அனுப்புநர் வரியில் குழுவின் முகவரியே இருப்பதும் அதனால்தான்.