பழைய தண்டர்பேர்ட் சுப்பர் கூப் வாங்கும் முன் தண்ணியைப் பாருங்கள்

கோடை தொடங்கினால் போதும், பழைய அமெரிக்கக் கார் விளம்பரங்களைக் கைபேசியில் காட்டி "அண்ணை, இதை எடுக்கலாமோ?" என்று கேட்கிறவர்கள் கராஜுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். மஸ்டாங் என்றால் பதில் சொல்வது சுலபம், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். 1989 முதல் 1995 வரை வந்த ஃபோர்ட் தண்டர்பேர்ட் சுப்பர் கூப் என்றால் மட்டும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பேசவேண்டி வரும். விலை மலிவு, அழகான கார், ஓடினால் சுகம். ஆனால் வாங்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் பார்க்கவேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பார்த்துவிட்டு வருகிறார்கள்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். பி.எம்.டபிள்யூ 6 சீரிஸ் மாதிரி ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஃபோர்டின் அன்றைய ஆசை. பின்சக்கர இழுவை, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன், உள்ளிருந்தே இறுக்கக்கூடிய ஷொக் அப்சோர்பர் எல்லாம் 20,000 அமெரிக்க டொலரை ஒட்டிய விலையில் வந்தன. மோட்டார் ட்ரெண்ட் சஞ்சிகை அதை 1989-இன் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது. கார் பொருத்தப்பட்டது ஒகையோ மாநிலத்தின் லொரெயினில். ஆனால் எஞ்சின் நம்முடைய ஒன்ராறியோவின் வின்ட்சரில் இருக்கிற எசெக்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது, அதனால்தான் அதற்கு எசெக்ஸ் வி6 என்று பெயர். சாதாரண தண்டர்பேர்டில் அந்த 3.8 லீற்றர் எஞ்சின் 140 குதிரைத்திறன்தான் கொடுத்தது. அதன் தலையில் ஈற்றன் எம்90 சுப்பர்சார்ஜரை, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பம்பை, ஏற்றியதும் 210 ஆனது. 1994-இல் 230 ஆக்கினார்கள். கார் ஏறத்தாழ 1,700 கிலோ, அதை இழுக்க இந்தத் தள்ளு வேண்டித்தான் இருந்தது. (தண்டர்பேர்டுக்கு சுப்பர்சார்ஜர் புதிதல்ல. 1957-இலேயே சுமார் 200 கார்களுக்குப் போட்டு விற்றார்கள். அவற்றின் இன்றைய விலையை நினைத்தாலே தலை சுற்றும், விடுங்கள்.)

வாங்க வருகிறவர்களின் பயமெல்லாம் அந்த சுப்பர்சார்ஜர் மேல்தான். "அது போனால் எவ்வளவு செலவாகும்?" என்பதுதான் முதல் கேள்வி. உண்மையைச் சொன்னால், இந்தக் காரில் நான் குறைவாகக் கவலைப்படுகிற பாகம் அதுதான். உள்ளே ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு முறுக்கிய உருளைகள், முன்னால் இரண்டு பற்சில்லு, பெல்ட், அவ்வளவுதான். பற்சில்லுகளுக்கென்று தனியாகக் கொஞ்சம் ஒயில் இருக்கிறது, அது எஞ்சின் ஒயில் அல்ல. இதைத் தெரியாமல் முப்பது வருடமாக யாரும் அந்த மூடியைத் திறந்தே பார்க்காத கார்கள் வருகின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, மட்டம் சரியா, கறுத்துவிட்டதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஐட்லிங்கில் முன்பக்கத்தில் சில்லறை குலுக்குகிற மாதிரிச் சத்தம் கேட்டால் உள்ளிருக்கிற கப்ளர் தேய்ந்திருக்கும். மலிவான பாகம்தான். பேரம் பேச உதவும், பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

பயப்படவேண்டியது சூட்டுக்கு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதை உணர்ந்திருப்பீர்கள், அதேதான் இங்கேயும். எம்90 காற்றை 12 பி.எஸ்.ஐ. வரை அழுத்தித் திணிக்கிறது, காற்று கொதிக்கிறது. அதைக் கொஞ்சம் ஆற்றுவதற்கு இன்டர்கூலர் இருக்கிறது. மீதிச் சூடு எஞ்சினுக்குள் போகிறது. எஞ்சினோ அடிப்பகுதி இரும்பு, மேலே சிலிண்டர்களை மூடுகிற இரண்டு ஹெட்டும் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தும்போதும் இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கிற மெல்லிய தகடான ஹெட் காஸ்கெட் தேய்க்கப்படுகிறது. நல்ல தண்ணி, சரியான பெற்றோல், ஒழுங்கான மின்விசிறி இருந்தால் தாங்கும். ஒருமுறை கொதிக்கவிட்டால் தாங்காது. இந்தக் கார்கள் ஸ்க்ராப்புக்குப் போனதற்கு முதல் காரணம் இதுதான், சுப்பர்சார்ஜர் உடைந்து போனவை மிகக் குறைவு.

அதனால்தான் தண்ணியை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்டை, பார்க்கச் சொல்கிறேன். விடியப் போங்கள், கார் முழுக்கக் குளிர்ந்திருக்கவேண்டும். நீங்கள் போகும்போது பொனற் சுடுகிறது, "உங்களுக்காக வோர்ம் பண்ணி வைத்தேன்" என்று விற்பவர் சொல்கிறார் என்றால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்தால் கூலன்ட் தெளிவாக, நிறத்தோடு இருக்கவேண்டும். துருக்கலர், எண்ணெய்ப் படலம், பசை மாதிரி ஏதாவது இருந்தால் அது ஏதோ ஒரு கதையைச் சொல்கிறது. ஸ்டார்ட் பண்ணிய உடனேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் எரியறைக் காற்று தண்ணிக்குள் போகிறது என்று அர்த்தம். ஒயில் மூடிக்கு அடியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் நுரை இருந்தால் பலர் உடனே காஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நம்முடைய மார்கழி, தைக் குளிரில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற காரில் வெறும் ஈரம் படிந்தும் அந்த நுரை வரும். ஒயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் பயம்.

சந்தேகம் இருந்தால் கராஜில் செய்யச் சொல்லவேண்டியது நீல திரவச் சோதனை. றேடியேற்றர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதிலிருக்கிற நீல நிறத் திரவத்தின் ஊடாக உள்ளிருந்து காற்றை இழுப்போம். எரிந்த வாயு வந்தால் நீலம் மஞ்சளாகும். முழு எஞ்சினையும் கழற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் இதன் செலவு தூசு. ஆறு சிலிண்டரிலும் கொம்ப்ரெஷன் (உள்ளே எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று) பார்க்கச் சொல்லலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் இந்தக் காரில் பின்பக்க ஸ்பார்க் ப்ளக்குகளுக்குக் கை போவது பெரும் பாடு. முன்னால் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆறுக்கும் எண் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் "ஹெட் காஸ்கெட் மாற்றியாச்சு" என்று போட்டிருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம், அங்கிருந்துதான் விசாரணை தொடங்கவேண்டும். யார் மாற்றியது, பில் எங்கே? ஹெட்டை மெஷின் ஷொப்புக்கு அனுப்பிச் சமதளம் பார்த்தார்களா? புது போல்ட் போட்டார்களா? இந்த எஞ்சினின் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போதே கொஞ்சம் நீளும்படி செய்யப்பட்டவை, ஒருமுறைதான் பாவிக்கலாம். பழையதையே திரும்பப் போட்டு முறுக்கினால் சில மாதம் ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இன்னொன்று, தண்ணி ஒயிலோடு கலந்து கொஞ்ச நாள் ஓடியிருந்தால் கீழே கிராங்க் தண்டு சுழல்கிற பெயரிங் அரித்திருக்கும். மேலே காஸ்கெட்டை மாற்றினால் தண்ணிக் கசிவு நிற்கும், அரித்த பெயரிங் அப்படியே இருக்கும். போன வருடம் ஒரு தம்பி பார்க்கக் கொண்டுவந்த காரில் காஸ்கெட் உண்மையிலேயே புதிது, பில்லும் இருந்தது. சூடேறிய பிறகு ஐட்லிங்கில் கீழிருந்து டொக் டொக் என்று ஒரு மெல்லிய சத்தம், ஒயில் பிரஷர் மானி அடிமட்டத்தில். விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார்.

அந்த வயதுத் தண்டர்பேர்டுக்கு முகத்தில் கிரில் கிடையாது. றேடியேற்றருக்கான காற்று பெரும்பாலும் பம்பருக்கு அடியிலிருந்துதான் வருகிறது. அங்கே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடு தொங்கும், பார்க்க ஒன்றுக்கும் உதவாத பாகம் மாதிரி இருக்கும். பார்க்கிங்கில் கல்லில் இடித்து உடைந்தால் ஆட்கள் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அதுதான் காற்றை மேலே திருப்பி விடுகிறது. அது இல்லாமல் 401 நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் சூடு காட்டுகிற ஊசி மேலே ஏறும். குனிந்து பாருங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை, எவ்வளவு காலமாக இல்லை என்று கேளுங்கள். ஏசியைப் போட்டதும் மின்விசிறி சுழல்கிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

பெற்றோல் 91 ஒக்டேன்தான். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று 87 அடித்து ஓட்டினால் எரியறைக்குள் தட்டும், அந்தத் தட்டல் நேராகக் காஸ்கெட்டுக்குத்தான் போகும். சுப்பர்சார்ஜர் பெல்ட் ஓடுகிற சில்லு கம்பெனிச் சில்லைவிடச் சிறிதாக, பளபளப்பாக இருந்தால் முன்னைய உரிமையாளர் கூடுதல் அழுத்தம் எடுக்க மாற்றியிருக்கிறார். டாஷ்போர்டில் அந்த அழுத்தத்தைக் காட்டுகிற பூஸ்ட் மானி இருக்கிறது, மிதித்துப் பாருங்கள். 12-ஐத் தாண்டி நன்றாக மேலே போகிறதென்றால், எஞ்சினுக்கு வேறென்ன செய்தார் என்று கேட்காமல் வாங்கவேண்டாம்.

கைபேசியோடு வேலை செய்கிற ஸ்கேனரைக் கொண்டுபோய்ச் செருக இடம் தேடி ஏமாந்த பொடியன்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொக்கெற் 1996-இலிருந்துதான் கட்டாயம். சுப்பர் கூப்பில் பொனற்றுக்குள் இருக்கிற சோதனை இணைப்பில் ஒரு துண்டு வயரைச் செருகி, செக் எஞ்சின் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் பழுதுக் குறியீட்டைப் படிக்கவேண்டும். ஆரம்ப வருடக் கார்களில் 11, பின்னால் வந்தவற்றில் 111 என்றால் குறை இல்லை. பழைய ஆட்களுக்குத் தெரியும், தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள்.

"சேஃப்டியோடு விற்கிறேன்", அதாவது பாதுகாப்புச் சான்றிதழோடு, என்பது இன்னொரு மயக்கம். ஒன்ராறியோவில் அந்தச் சான்றிதழ் 36 நாளைக்குச் செல்லும். பிரேக், ஸ்டியரிங், ரயர், விளக்கு, அடித்தளத் துரு எல்லாம் பார்ப்பார்கள். ஹெட் காஸ்கெட் அதில் வராது. முன்பு புகைச் சோதனையாவது ஒரு எஞ்சின் கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுத்தது, 2019-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். தனிப்பட்டவரிடம் வாங்கினால் அவர் தரவேண்டிய வாகனத் தகவல் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள், எத்தனை கை மாறியது, கடன் ஏதும் பாக்கியா என்று அதில் இருக்கும். துரு பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, உப்பு போடுகிற ஊரில் இருக்கிறோம்.

கடைசியாக பிரேக். எஞ்சின் போனால் காசு போகும், பிரேக் போனால் ஆள் போகும். ஆரம்ப வருட சுப்பர் கூப்பில் இருக்கிற டீவ்ஸ் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கிற அமைப்பு) மற்றக் கார்களில் இருப்பது மாதிரி இல்லை. மின்சாரப் பம்ப் ஒன்று பிரேக் ஒயிலை ஒரு உருண்டைக்குள் 2,000 பி.எஸ்.ஐ-க்கு மேல் அழுத்தி வைக்கிறது, பெடலுக்கு உதவுவதும் பின்சக்கரங்களை நிறுத்துவதும் அந்த அழுத்தம்தான். அது இல்லாமல் போனால் பெடல் பாறையாகும், பின் பிரேக் இருக்காது, முன் பிரேக்கும் உங்கள் கால் பலத்தில்தான். சோதிப்பது எளிது. சாவியை நிறுத்திவிட்டு பெடலை ஒரு இருபத்தைந்து தடவை மிதித்து இறுகவிடுங்கள். பிறகு சாவியைத் திருப்பினால் பம்ப் உறுமும், ஒரு நிமிடத்துக்குள் நிற்கவேண்டும். நிற்காமல் ஓடினாலோ, அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் உறுமினாலோ உருண்டை பழுதாக இருக்கலாம், பம்ப்பாகவும் இருக்கலாம். புதுப் பாகம் கிடைப்பது கஷ்டம், விலையும் கையைக் கடிக்கும். அழுத்தத்தை இறக்காமல் அந்தக் குழாய்களில் யாரும் ஸ்பானர் வைக்கவேண்டாம், வீட்டு ட்ரைவ்வேயில் செய்து பழகுகிற வேலை அல்ல அது. சிவப்புப் பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகிறதென்றால், "சென்சர்தான், பரவாயில்லை" என்று யார் சொன்னாலும் தெருவில் இறக்கி ஓட்டிப் பார்க்காதீர்கள். விலை உண்மையிலேயே நல்லதென்றால் இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.