பதினொரு செயலிகளும் பதில் போகாத ஒரு சோஃபாவும்

"எல்லாத்தையும் பண்றேன் சார், ஆனா எதுவுமே நடக்கல."

சிறுதொழில்களுக்கு ஆன்லைன் விளம்பர ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். சென்ற ஆண்டு வந்த ஒரு பெண்மணியும் இதையே சொன்னார். பழைய சோஃபாக்களுக்குப் புது உறை போட்டு, உள்ளே ஸ்பிரிங் போயிருந்தால் அதையும் மாற்றித் தரும் தொழில் அவருடையது. கைபேசியை மேசையில் வைத்து, 'பிசினஸ்' என்று பெயரிட்டிருந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினார். பதினொரு செயலிகள். படம் வடிவமைக்கும் கேன்வா செயலியில் பாதியில் நிற்கும் டிசைன்கள் திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. மாலை ஏழு மணிக்குப் பதிவு போட்டால்தான் ரீச், நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் ஆறரைக்கு அலாரம்.

"கடைசியா வந்த அஞ்சு கஸ்டமர் எப்படி வந்தாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து விரல் விட்டு எண்ணினார். இரண்டு பேர் பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள். இரண்டு பேர் கூகுள் மேப்பில் பார்த்து அழைத்தவர்கள். ஐந்தாவது ஆள் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. இன்ஸ்டாகிராமிலிருந்து? "அதுல யாரும் வரல சார். ஆனா தினமும் ரெண்டு மணி நேரம் அதுக்குத்தான் போகுது."

சரி என்று அவருடைய இன்ஸ்டாகிராமை வாங்கிப் பார்த்தேன். நம்மைப் பின்தொடராத புது ஆட்கள் அனுப்பும் செய்தி பெரும்பாலும் நேராக இன்பாக்ஸுக்கு வராது. 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று தனியாக ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே நான்கு செய்திகள் இருந்தன. ஒன்றில் ஒரு புகைப்படம்: கைப்பிடி முழுக்கப் பூனை கீறிக் கிழித்த சோஃபா, பஞ்சு வெளியே தொங்குகிறது. கீழே, 'இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?' அனுப்பி பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அப்படி ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. யாரும் வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதில் அவர் தவறு ரொம்பக் கம்மி. இன்ஸ்டாகிராம் 2010-இல் வந்தபோது படம் போடும் இடம், அவ்வளவுதான். 2016-இல் ஸ்டோரி வந்தது. அதே ஆண்டு, போட்ட நேர வரிசையில் பதிவுகளைக் காட்டும் முறையும் போனது. 2020-இல் ரீல்ஸ். ஒவ்வொன்று வரும்போதும் 'இதைச் செய்யாவிட்டால் தொழில் காலி' என்று சொல்ல ஒரு கூட்டம் கூடவே வரும் (என் தொழில்காரர்களும் அதில் உண்டு, நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்). புதிதாகச் செய்யச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழையதில் எதை நிறுத்தலாம் என்று சொல்ல ஆள் இல்லை. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, மலைப்பும் கூடவே வளர்கிறது.

வேலையின் அளவைவிட, முடிவெடுக்காமல் விட்டவைதான் ஆளை அதிகம் களைப்பாக்குகின்றன என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது. அந்தப் பெண்மணி ஒரு நாள் முழுக்க ஆணி அடித்துத் துணி இழுத்து வேலை செய்கிறவர். அதில் அவருக்கு மலைப்பே இல்லை. ஆனால் 'இன்று யூடியூபா, ரீல்ஸா, ஃபேஸ்புக்கா' என்ற கேள்வி அவரைச் சாய்த்துவிடுகிறது. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதினார். அந்தத் தங்கலுக்கு அவர் 'கவன எச்சம்' என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். உறைத் துணியை வெட்டும்போது ஆறரை அலாரம் அடித்தால் துணியும் கோணலாகும், பதிவும் உருப்படாது.

அப்புறம் என்ன செய்தோம்?

முதல் வேலை, ஒரு நோட்டு. விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சது?' என்று கேட்டு ஒரு வரி எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கு வேறு எதையும் மாற்றவில்லை. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், பெரிதாக ஏதோ உத்தி வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் எந்த அனலிட்டிக்ஸ் திரையையும்விட இந்த நோட்டை நான் நம்புகிறேன். லைக் எத்தனை என்று திரை சொல்லும். காசு எங்கிருந்து வந்தது என்று நோட்டுதான் சொல்லும்.

இரண்டாவது கேள்வி: உங்களுடையது தேடி வரும் தொழிலா, பார்த்து வரும் தொழிலா? சோஃபாவுக்கு உறை மாற்றுவது பல வருடத்துக்கு ஒரு முறை வரும் தேவை. கிழிந்த அன்றைக்குத்தான் ஆள் தேடுவார்கள், அதுவும் கூகுளில். நகை, உடை, வீட்டு அலங்காரம் எல்லாம் வேறு கதை. வாங்கும் எண்ணம் இல்லாதவரையும் ஒரு படம் நிறுத்திவிடும், அங்கே இன்ஸ்டாகிராமுக்கு வேலை இருக்கிறது. தேடி வரும் தொழில்காரர் தினமும் ரீல்ஸ் போடுவது, தையல் ஊசியை வைத்துக்கொண்டு கடப்பாரை வேலை செய்வது மாதிரி.

அதனால் அவருக்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல்தான், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரத்தைக் காட்டும் பக்கம்தான், முதல் இடம் என்று முடிவானது. இலவசம்தான். உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதைப் பொருத்தம், தூரம், பெயர் (எவ்வளவு பிரபலம் என்பது) இந்த மூன்றும்தான் முக்கியமாகத் தீர்மானிக்கின்றன என்று கூகுளே சொல்கிறது. தூரம் நம் கையில் இல்லை. பொருத்தத்துக்குத் தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் 'ஃபர்னிச்சர் ஸ்டோர்' என்று போட்டு வைத்திருந்தார், புது நாற்காலி கேட்டு அழைப்பு வந்ததன் ரகசியம் அதுதான். பெயருக்கு, வேலை முடிந்த அன்றே வாடிக்கையாளரிடம் ஒரு விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். நாளைக்கு என்று விட்டால் அவர்களும் மறப்பார்கள், நமக்கும் கேட்கக் கூச்சமாகிவிடும். தள்ளுபடி தருகிறேன், நல்லதாக எழுதுங்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. அது கூகுளின் விதிக்கு எதிரானது, பிடிபட்டால் விமர்சனங்கள் போய்விடும்.

மற்ற பத்தை என்ன செய்வது? அழிக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் நல்ல படம் நாலு, தொலைபேசி எண், என்ன வேலை செய்கிறோம் என்று ஒரு வரி. மூடிய கடையின் பெயர்ப் பலகை மாதிரி நிற்கட்டும். இன்ஸ்டாகிராமில் மட்டும் வாரம் ஒரு 'முன்னும் பின்னும்' படம். அதுவும் வேலை நடக்கும்போது எடுத்தது, டிசைன் கிசைன் எதுவும் வேண்டாம்.

மிச்சமாகும் நேரம் முழுக்கப் பதிலுக்கு. வாட்ஸ்அப் பிசினஸில் 'குயிக் ரிப்ளை' என்று ஒரு வசதி இருக்கிறது. அடிக்கடி அனுப்பும் பதிலை ஒரு தடவை எழுதி வைத்தால், சாய்வுக்கோடும் ஒரு சிறு சொல்லும் தட்டினால் போதும், முழுப் பதிலும் வந்து நிற்கும். 'சோஃபாவின் முன்பக்கம், பின்பக்கம், கிழிந்த இடம் மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள், நீள அகலமும் சொல்லுங்கள்' என்பது அவருடைய முதல் குயிக் ரிப்ளை. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எல்லா இன்பாக்ஸையும், அந்த ரிக்வெஸ்ட்ஸையும் சேர்த்து, பார்த்துவிட வேண்டும். நடுவில் நோட்டிஃபிகேஷன் கிடையாது.

பணம் போட்டு ஒரு பதிவை இன்னும் அதிகம் பேருக்குக் காட்டலாமா, அதாவது பூஸ்ட் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இலக்கு என்ன என்று பார்க்காமல் அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள். லைக்கை இலக்காக வைத்தால் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத்தான் அது தேடிப் பிடித்துக் காட்டும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இன்னொன்று. வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் தனியாக எழுதி வையுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஒன்றாகப் படுத்துவிட்டன. அவற்றை மட்டும் நம்பித் தொழில் செய்த பலர் அன்றைக்கு வாடிக்கையாளரோடு பேச வழியில்லாமல் நின்றார்கள். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது அங்கே சேர்த்த கூட்டமும் அதோடு போனது.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்மணி நோட்டைக் கொண்டுவந்தார். துணிச் சாயம் பட்ட அட்டை. 'மேப்', 'மேப்', 'பழைய கஸ்டமர்', 'மேப்' என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் 'இன்ஸ்டா' என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

"இது யாரு?"

"அந்தப் பூனை சோஃபாதான் சார். லேட்டா பதில் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். இன்னும் அப்படியேதான் கிடக்குது, வந்து பாருங்கன்னு சொன்னாங்க."