தோழமை என்ற சொல் இருக்க ஐக்கியம் எதற்கு?

வேலூர்ப் பக்கத்துச் சாரணர் முகாம் அழைப்பிதழ்களில் ‘ஐக்கியமும் தலைமைத்துவப் பயிற்சியும்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஃபெலோஷிப், லீடர்ஷிப் இரண்டையும் தமிழாக்கிவிட்டதாக எண்ணம். இரண்டும் பிழை; முதலாவது பெரும் பிழை.

ஃபெலோ என்பது பழைய நார்ஸ் மொழியின் ‘ஃபெலாகி’யிலிருந்து வந்தது. உடைமையைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து தொழில் செய்பவன் என்று பொருள். கூட்டாளி, தோழன் என்பதெல்லாம் பிறகு விரிந்தவை.

ஐக்கியமோ ‘ஏக’ என்ற வடசொல்லின் வழி வந்தது. ஒன்றாகிவிடுதல் அதன் பொருள். இறைவனோடு ஐக்கியமானார் என்கிறோமே, அங்கே இரண்டு பேர் இல்லை. தமிழ் விவிலியத்தில் யோவானின் முதல் நிருபம் இச்சொல்லை ஆள்கிறது. வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம் என்று தேவாலய வழக்கிலும் வேரூன்றி நிற்கிறது. அங்கே அது பொருத்தமான சொல். ஆனால் மேல்விஷாரத்துப் பிள்ளையும் குடியாத்தத்துப் பிள்ளையும் மத வேறுபாடின்றி ஒரே கூடாரத்தில் படுத்தெழும் முகாமுக்கு, ஒரு சமயத்தின் வழிபாட்டுச் சொல்லை ஏன் தலைப்பாக்க வேண்டும்? அதோடு, கரைந்து ஒன்றாவது சாரணர் நோக்கமும் அல்ல. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் முதல் முகாம் நடத்தியபோது, வசதியான பள்ளிகளில் படித்தவர்களையும் உழைப்பாளி வீட்டுச் சிறுவர்களையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். வேறுபட்டவர்கள் வேறுபட்டவர்களாகவே இருந்து சேர்ந்து வேலை செய்யப் பழகினார்கள். இதை ஐக்கியம் என்றால் விஷயமே கெட்டுவிடும்.

சிலர் ‘கூட்டுறவு’ என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் கூட்டுறவு என்றால் அம்முண்டி சர்க்கரை ஆலை, கடன் சங்கம், ரேஷன் கடை. அந்தப் பொருள் இனி மாறாது. ‘சகோதரத்துவம்’ என்றால் சாரணியரை எங்கே வைப்பது?

தோழமை இருக்கிறது. சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்றார்கள். அவர் நின்ற நெறி தோழமை நெறி. ஆண்டவனே ஆனாலும் உரிமையோடு கேட்கலாம், கோபிக்கலாம், ஆனால் இருவர் இருவராகவே இருப்பர். ஆண், பெண், மதம் எதுவும் அதில் ஒட்டவில்லை. பாரத சாரண சாரணிய இயக்கத்தின் ஒன்பது விதிகளில் மூன்றாவது, சாரணர் அனைவருக்கும் நண்பர் என்கிறது. தோழமை என்ற சொல் அந்த விதிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

வடசொல் என்பதால் ஐக்கியத்தைத் தள்ளவில்லை. சாரணர் என்பதே வடமொழி வழிதான். வானில் செல்லும் ஆற்றல் பெற்ற சமண முனிவர்களுக்குச் சிலப்பதிகாரம் அச்சொல்லைத் தருகிறது. ஒற்றர் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஊர்சுற்றிப் பார்த்து வழியறிந்து வருபவர் என்ற கருத்து இயக்கத்தோடு ஒத்துப்போகிறது. பொருள் பொருந்தினால் வரவேற்பேன்.

‘தலைமைத்துவம்’ அப்படியும் தேறாது. தலைமை என்பதிலேயே ‘மை’ பண்பைக் காட்டிவிட்டது. அதன் மேல் பண்பைக் காட்டும் இன்னொரு விகுதி எதற்கு? இளமைத்துவம், பெருமைத்துவம் என்று யாரும் சொல்வதில்லையே. இலங்கைத் தமிழர் வழக்கில் அது ஊன்றிவிட்டது, அவர்கள் சொல்லட்டும். நமக்குப் பயிற்சியைக் குறிக்கத் தலைமைப் பயிற்சி, குணத்தைக் குறிக்கத் தலைமைப் பண்பு, இவையே போதும். முகாமில் நடப்பதும் அதுதான்: ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஓர் அணியை அவர்களில் ஒருவரே அணித்தலைவராக நின்று நடத்துகிறார். விறகு யார் கொண்டு வருவது, இரவில் யார் காவல் என்று பிரித்துக் கொடுக்கிறார். தோழமை இல்லாத அணியில் அந்தத் தலைமை ஒருநாளும் தாங்காது.

நல்ல ஆக்கம் முடியாத காரியம் அல்ல. சாரணர்கள் பெருமளவில் கூடும் ஜாம்போரிக்குப் ‘பெருந்திரளணி’ என்று பெயர் வைத்தவர்கள் களத்தைப் பார்த்து வைத்தார்கள். 2025இல் மணப்பாறையில் இயக்கத்தின் வைர விழா ஜாம்போரி நடந்தபோது ஊரெங்கும் அந்தச் சொல்தான் புழங்கியது. அழைப்பிதழ் எழுதுவோரோ அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு சாரண ஆசிரியரிடம் காட்டக்கூட நேரமில்லை. அதே சொல் பிறகு சான்றிதழிலும் ஏறிவிடுகிறது. பிள்ளைகள் அதைப் படித்து, அதுவே சரியான தமிழ் என்று நம்பி எழுதத் தொடங்குகிறார்கள்.