குழுவைவிட்டு வந்தவரை உடனே கோயிலுக்கு இழுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒருவர் ஆன்மீகக் குழுவிலிருந்தோ ஜெபக் கூட்டத்திலிருந்தோ விலகி வீடு திரும்பினால், முதலில் காதில் விழுவது இதுதான்: "பிள்ளையார்பட்டிக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வா, எல்லாம் சரியாயிடும்." அன்பில் சொல்வதுதான். ஆனால் சாபம், தெய்வக்குற்றம், நரகம் என்று பயமுறுத்தியே வைக்கப்பட்டிருந்தவருக்கு மணிச்சத்தமும் சாம்பிராணி வாசமும்கூடப் படபடப்பைக் கிளப்பும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பும்போது அவர் வீட்டிலேயே இருக்க நினைத்தால் இருக்கட்டும். பின்னால் தானாகப் போக நினைத்தாலும் தடுக்காதீர்கள்.

விலகிய புதிதில் தூக்கம் கெடும், குற்ற உணர்வு அரிக்கும். உடை, சம்பளம், யாரோடு பேசுவது என எல்லாமே தலைவரைக் கேட்டு நடந்தவர், எந்தச் சட்டை போடுவது என்பதற்கும் பிறர் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் முடிவெடுத்துக் கொடுத்தால் தலைவர் இருந்த இடத்துக்கு நீங்கள் வந்துவிடுகிறீர்கள். இட்லியா தோசையா என்பதையும் அவரே சொல்லட்டும், தாமதமானாலும்.

கால் இடறினாலும் "சாபம் பலிக்குது" என்று பதறுவார். வாதாடிப் பயனில்லை. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, என்ன ஆகுமென்று பயந்தேன், மறுவாரம் உண்மையில் என்ன ஆனது. மூன்றாவது பத்தியைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். அதை விட்டால் நோட்டு பயத்தின் பட்டியலாகிவிடும்.

மனநல ஆலோசகரிடம் முதல் நாளே கேளுங்கள்: "என் நம்பிக்கையை மாற்றப் பார்ப்பீர்களா?" பரிகாரம் சொல்பவரும் வேண்டாம், கடவுளே இல்லையென்று வாதாடுபவரும் இப்போதைக்கு வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, நாள் முழுக்க, இலவசம், தமிழிலேயே பேசலாம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நின்று பேசினால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் கேட்கும். வெளியே போய்ப் பேசட்டும். நேரில் பார்க்க சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சொன்னதை வெளியே சொல்லக் கூடாதென்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவர்களின் கடமை. உயிரை விடும் பேச்சு வந்தால் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

சொத்து விஷயத்தை மட்டும் "மனசு தேறட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டுப் பங்கையோ நிலத்தையோ குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவான தானப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது, சிவில் நீதிமன்றம்தான். குரு சீடர் உறவைப் பயன்படுத்தி எழுதி வாங்கியதை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு 'தகாத செல்வாக்கு' என்கிறது. ரத்துக் கேட்கும் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

மாதாமாதம் வங்கியில் தானாகப் பிடிக்கப்படும் காணிக்கையை நிறுத்துங்கள். மிரட்டல் ஆடியோ வந்தால் அழிக்காமல், வீட்டார் ஒருவர் போனுக்கும் அனுப்பி வைத்துவிட்டு, அதன்பிறகு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள்.